புதுமண்டபத்துக் கடைகள்

கோயில் கொடைக்குப் புதுத் தொம்பை தைக்க வேண்டும் என்று பேச்சு வந்ததும், "அண்ணாச்சி, நீங்கதான் மதுரைக்குப் போய்ட்டு வரணும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கும் ஆசைதான். திருவேங்கடத்தில் பஸ் ஏறி, சிவகாசியில் மாறி, மதுரையில் இறங்கினால் மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்துக்கு என் கால் தானாகப் போகும். அன்றும் போயிற்று. ஆனால் உள்ளே தூண்கள் மட்டுமே நின்றன. கடைகள் மாறிய செய்தியைப் பேப்பரில் படித்திருந்தும் பழைய இடத்துக்கே போய் நின்றேன்.

பெயர்தான் புதுமண்டபம். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், வசந்த விழாவுக்காகக் கட்டியது. 124 தூண்கள். சுற்றிலும் நீர் நிற்கும் அகழி, கோடையில் உள்ளே குளிர்ச்சி. நாயக்க மன்னர்களின் சிலைகளும் தூண்களில் உண்டு. 1792இல் மதுரை வந்த ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியல் இதை வரைந்திருக்கிறார்.

பிற்காலத்தில் கோயிலுக்கு வாடகை கொடுத்து வியாபாரிகள் உள்ளே வந்தார்கள். ஏறக்குறைய 300 கடைகள். யாளியின் காலடியில் தையல் மிஷின். அம்மன் பாவாடை, சுவாமி குடை, தொம்பை, சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடும் உடுப்பு எல்லாம் அங்கேதான் தைத்தார்கள். எந்தச் சாமிக்கு என்ன நிறம், எத்தனை முழம் என்று டெய்லருக்கே தெரியும். நாம் சாமி பெயரைச் சொன்னால் போதும். அடுத்த வரிசையில் பித்தளைப் பாத்திரம், வளையல், மரச்சொப்பு. இன்னொரு பக்கம் பஞ்சாங்கம், பாடப்புத்தகம். என் பி.காம். கணக்கியல் புத்தகத்தைப் பாதி விலைக்கு அங்கேதான் வாங்கினேன். பேரம் பேசாமல் யாரும் வாங்கியதில்லை, நானும்தான்.

2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு, கோயிலுக்குள் கடைகள் இருந்த வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. கல் மண்டபமே இடிந்தது. அதன்பின் கோயில் கடைகளை விட்டுவைக்க முடியாது என்றாயிற்று. சில ஆண்டுகளில் புதுமண்டபத்துக் கடைகளும் பக்கத்தில் மாநகராட்சி கட்டிய குன்னத்தூர் சத்திரக் கட்டடத்துக்குப் போயின. இதில் தவறு சொல்ல மாட்டேன். சிற்பத்தின் கையில் கயிறு கட்டித் துணி தொங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் பாதி விலைப் புத்தகத்தில் 'நற்பெயர்' என்று ஒரு பாடம் உண்டு. பழைய வாடிக்கையாளர் பழைய இடத்துக்கே திரும்பி வருவார் என்கிற வாய்ப்புத்தான் நற்பெயர் என்று எல்டன் பிரபு 1810இல் ஒரு இங்கிலாந்து வழக்கில் சொன்னதாகப் படித்தோம். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது. பிறகு பாங்கில் எத்தனையோ சிறு கடைக் கடன் மனுக்களைப் பார்த்தேன். சரக்கு எவ்வளவு, வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று எழுதுவோம். கடை இருக்கும் இடத்துக்கு ஒரு பைசா மதிப்புப் போட்டதில்லை. கடை மாறும்போது சரக்கை மூட்டை கட்டலாம், மிஷினைத் தூக்கலாம். சாமி கும்பிட்டு வெளியே வரும் கூட்டத்தை எப்படித் தூக்கிக்கொண்டு போவது?

விசாரித்துப் படியேறி நம் டெய்லரைக் கண்டுபிடித்தேன். மழைக்குப் பயமில்லை, லைட், ஃபேன் வசதி நன்றாக இருக்கிறது என்றார். "ஆனா சார், முன்னாடி பத்துப் பேர் சும்மா வேடிக்கை பாப்பாங்க, அதுல ரெண்டு பேர் வாங்குவாங்க. இப்ப தேடி வர்றவங்க மட்டும்தான். கீழ நிக்கிறவங்களுக்கு மேல நான் இருக்கிறது தெரியாதே."

அவர் பிள்ளை போனில் போட்டோ அனுப்பி வெளியூர் ஆர்டர் பிடிக்கிறானாம். நான் கொண்டுபோன அளவுச் சீட்டைப் பார்த்தவர், "உங்க ஊருக்குப் போன தடவை மஞ்சளும் சிவப்பும்தானே?" என்று கேட்டார். போன தடவை என்பது ஒன்பது வருஷத்துக்கு முந்தி.

இந்தத் தடவை நான் பேரம் பேசவில்லை. முன்பணம் கொடுத்த ரசீது என்னிடம் இருக்கிறது. கொடைக்குப் பத்து நாள் முன்னால் பஸ்ஸில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.