ஐஇஎல்டிஎஸ், டோஃபல் பயிற்சியாளராக வெளிநாட்டு வேலை: யாருக்குக் கிடைக்கும், எங்கே ஏமாறுவார்கள்?

ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்தில், சென்னை - கூடூர் ரயில் பாதையில் இருக்கிறது சூளூர்பேட்டை. தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் ஊர். இங்கிருந்து புறநகர் ரயில் ஏறிச் சென்னைக்குப் படிக்கவும் வேலைக்கும் போய் வருகிறார்கள். இப்படிப்பட்ட ஊர்களில் ஆங்கிலம் நன்றாக வரும் பட்டதாரிகளுக்கு ஐஇஎல்டிஎஸ், டோஃபல், பிடிஇ பயிற்சி வகுப்பு எடுப்பது கையில் கிடைக்கும் வேலைகளில் ஒன்று.

அந்த வேலைக்கு இப்போது ஒரு நெருக்கடி வந்திருக்கிறது. கனடா 2024 ஜனவரியில் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில், இந்திய மாணவர்கள் அதிகம் பயன்படுத்திய விரைவு விசா திட்டத்தையும் நிறுத்தியது. வெளிநாடு போகும் மாணவர் குறைந்தால் பயிற்சி வகுப்புக்கு வருபவரும் குறைவார். அதனால், "இங்க பாடம் எடுக்கறதுக்குப் பதிலா வெளிநாட்டுல போய் எடுத்தா என்ன?" என்ற கேள்வி எழுகிறது.

எடுக்கலாம். ஆனால் வேலையை முடிவு செய்வது உங்கள் பேண்ட் ஸ்கோர் மட்டும் அல்ல. எந்த நாடு எந்தப் பாஸ்போர்ட்டுக்கு ஆங்கில ஆசிரியர் விசா தருகிறது என்பதுதான் முதல் கேள்வி.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எந்தக் கதவு திறக்கும்?

தென் கொரியா: மொழி ஆசிரியருக்கான இ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டினருக்கே. 2010-ல் நடைமுறைக்கு வந்த இந்தியா - கொரியா பொருளாதார ஒப்பந்தம் இந்தியர்களுக்கு ஒரு சின்ன வழி வைத்திருக்கிறது. ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் தகுதியும் இருந்தால் அரசுப் பள்ளிகளில் துணை ஆசிரியர் ஆகலாம். தனியார் பயிற்சி மையங்களுக்கு அந்த வழி பொருந்தாது.

சீனா: தேர்வுப் பயிற்சியின் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று. ஆனால் மொழி ஆசிரியருக்கான வேலை அனுமதி பொதுவாக அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டினருக்கே தரப்படுகிறது.

வியட்நாம்: பள்ளி இறுதித் தேர்விலும் பல்கலைக்கழகச் சேர்க்கையிலும் ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் பயன்படுவதால் பயிற்சி மையங்கள் ஏராளம். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவருக்கும் விதிகளில் இடம் உண்டு. பட்டம், உயர்நிலை ஆங்கிலத் திறன் சான்று, கற்பித்தல் சான்றிதழ், போலீஸ் சான்று, மருத்துவப் பரிசோதனை, வேலை அனுமதி ஆகியவை வேண்டும்.

ஓமன்: உயர்கல்வியில் சேரும் மாணவர்கள் முதலில் ஆங்கில அடிப்படைப் படிப்பை முடிக்க வேண்டும். அதற்கு ஆசிரியர்கள் தேவை. இந்தியர்கள் நீண்ட காலமாக இதில் இருக்கிறார்கள். கல்லூரி வேலை என்பதால் பெரும்பாலும் முதுநிலைப் பட்டமும் அனுபவமும் கேட்பார்கள்.

ஐக்கிய அரபு அமீரகம்: பயிற்சி நிறுவனங்களில் வேலை உண்டு. 2023 டிசம்பரில், தனியாக டியூஷன் எடுப்பவர்களுக்கென 2 ஆண்டு இலவச அனுமதி ஒன்றையும் அரசு அறிமுகப்படுத்தியது. பள்ளி ஆசிரியர்கள், வேறு வேலையில் இருப்பவர்கள், வேலை இல்லாதவர்கள் என அங்கே வசிக்கும் பலரும் விண்ணப்பிக்கலாம். கணவன் அல்லது மனைவியின் வேலைக்காகத் துபாய் போனவர்களுக்கு இது பயன்படும்.

என்ன தகுதி வேண்டும்?

"ஐஇஎல்டிஎஸ்ல 8 எடுத்திருக்கேன், அது போதாதா?" என்று பலரும் கேட்கிறார்கள். போதாது. அந்த மதிப்பெண் உங்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்று காட்டும். கற்பிக்கத் தெரியும் என்று காட்டாது. ஐஇஎல்டிஎஸ், டோஃபல், பிடிஇ மதிப்பெண்களுக்கு ஆயுள் 2 ஆண்டுதான் என்பதையும் மறக்கக் கூடாது.

கற்பித்தல் சான்றிதழ்களில் கேம்பிரிட்ஜின் செல்டா பரவலாக ஏற்கப்படுகிறது. குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி, அதோடு உண்மையான மாணவர்களுக்கு 6 மணி நேரம் பாடம் எடுத்து மதிப்பீடு பெற வேண்டும். டிரினிட்டி கல்லூரியின் செர்ட் டெசால் அதற்கு இணையானது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் '120 மணி நேர டெஃபல்' சான்றிதழ்களில் பலவற்றில் இந்த நேரடி வகுப்பு கிடையாது. காசு கட்டும் முன், போக நினைக்கும் நாட்டில் அது செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல வழி, ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம் கற்பித்தலுக்கான முதுநிலை டிப்ளமா. கல்லூரி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது கூடுதல் பலம்.

தேர்வுகள் அடிக்கடி மாறுவதையும் கவனிக்க வேண்டும். டோஃபல் 2023 ஜூலையில் சுமார் 3 மணி நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் சுருங்கியது. பிடிஇ-யில் 2025 ஆகஸ்டில் புதிய பேச்சுக் கேள்விகள் வந்தன. நேர்காணலில் பழைய முறையைச் சொன்னால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

ஆவணங்களில் எல்லையோர ஊர்களின் சிக்கல்

சூளூர்பேட்டைக்காரர்கள் பலரும் பள்ளியை ஆந்திராவிலும் கல்லூரியைச் சென்னையிலும் முடித்தவர்கள். பட்டச் சான்றிதழை, அதை வழங்கிய மாநிலத்தில்தான் முதலில் சான்றொப்பம் செய்ய வேண்டும். திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகப் பட்டம் என்றால் ஆந்திர அரசு; சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் என்றால் தமிழக அரசு. அதன் பிறகே வெளியுறவு அமைச்சகம்.

இந்தியா 2005 முதல் அபோஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. ஓமன் போல அதில் சேர்ந்த நாடுகளுக்கு அமைச்சகத்தின் அபோஸ்டில் முத்திரை போதும். அமீரகம் போலச் சேராத நாடுகளுக்குத் தூதரகச் சான்றொப்பமும் வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள்:

• சூளூர்பேட்டை 2022 ஏப்ரலில்தான் நெல்லூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. பழைய ஆவணத்தில் ஒரு மாவட்டமும் புதியதில் வேறு மாவட்டமும் இருக்கலாம். போலீஸ் சான்றுக்கு விண்ணப்பிக்கும் முன் முகவரியைச் சீர்செய்யுங்கள்.

• பட்டத்தில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, ஆதாரில் வேறு மாதிரி என்றிருந்தால் விசா தாமதமாகும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா, வருகை விசாவில் அனுமதி இல்லை என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்ததும் நினைவிருக்கட்டும்.

பட்டதாரிகள் ஏமாறுவது ஏன்?

பத்தாம் வகுப்பு முடித்தவருக்குக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படாத பாஸ்போர்ட் கிடைக்கும். இது சலுகைதான். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போகும் குறைந்த படிப்புள்ள தொழிலாளியின் வேலை ஒப்பந்தம், அனுமதிக்காக அரசின் பார்வைக்கு வருகிறது. பட்டதாரியின் ஒப்பந்தத்தை அப்படி யாரும் பார்ப்பதில்லை. அதை நீங்களேதான் சரிபார்க்க வேண்டும்.

"முதல்ல டூரிஸ்ட் விசால வாங்க, அங்க வந்ததும் வொர்க் பர்மிட் எடுத்துக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சுற்றுலா விசாவில் பாடம் எடுப்பது சட்டவிரோதம். பிடிபட்டால் அபராதமும் நாடு கடத்தலும் உங்களுக்குத்தான். சம்பளம் தராவிட்டால் புகார் செய்யவும் வழி இருக்காது. தாய்லாந்தில் நல்ல வேலை என்று அழைத்துச் சென்று மியான்மரில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கவைக்கிறார்கள் என்று வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. அவர்கள் குறிவைத்தது படித்த, கணினி தெரிந்த இளைஞர்களைத்தான்.

கையெழுத்துக்கு முன் சரிபார்க்க வேண்டியவை

• ஏஜென்ட் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு செய்தவரா? பதிவு எண்ணை வாங்கி நீங்களே தேடிப் பாருங்கள்.

• பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் ரூ.30,000-மும் அதற்கான 18% ஜிஎஸ்டி-யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் சந்தேகப்படுங்கள். அமீரகச் சட்டப்படி, வேலைக்கு எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கவே கூடாது.

• ஒப்பந்தத்தில் வகுப்பு நேரம் மட்டும் இருக்கிறதா? தயாரிப்பு, எழுத்துத் தாள் திருத்தம் ஆகியவற்றுக்கும் சம்பளம் உண்டா? எழுத்துப் பகுதி திருத்துவதில்தான் ஒரு பயிற்சியாளரின் பாதி நேரம் போகும்.

• விசா யார் பெயரில்? வகுப்பு எடுக்கும் நிறுவனமே விசா தருகிறதா, வேறு கம்பெனியா?

• பாஸ்போர்ட்டை நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

தமிழ்நாட்டில் 1978 முதல் இயங்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும், ஆந்திராவின் ஓம்கேப் நிறுவனமும் மாநில அரசுகளுடையவை. அவற்றின் அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள். குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையிலும் ஹைதராபாத்திலும் உண்டு. வெளிநாட்டில் பிரச்சினை என்றால் அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதியலாம்.

வேலை அனுமதியும் ஒப்பந்தமும் கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள். அதுவரை இங்கே இருக்கும் வகுப்பை விட்டுவிட வேண்டாம்.