மூன்றாண்டு பிந்திய ஒளி

விடியற்பொழுதில் படச்சுருள் ஏற்றிய கருவியுடன் சோலைகளையும் கோயில் முற்றங்களையும் நாடிச் செல்லும் ஒளிப்படக் கலைஞர்கள், அங்குள்ள அமைதியைப் பதிவுசெய்வதாகக் கூறுவர். தமிழகத்தில் இவ்வகைப் பயணத்தின் முன்னோடிகளுள் ஒருவர், சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக 1856இல் அமர்த்தப்பெற்ற படை அதிகாரி லின்னேயஸ் டிரைப்.

அவர் 1857ஆம் ஆண்டின் இறுதியிலும் 1858ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களைப் படமெடுத்தார். மெழுகூட்டிய தாளே அவர்தம் படச்சுருள். அதில் உருவம் பதிய நிமிடக் கணக்கில் ஒளி வேண்டும். ஆதலின் நடந்து சென்றவர் பதியவில்லை. காற்றில் அசைந்த இலைகள் கலங்கின. தழைகளையும் வானத்தையும் அவர் எதிர்மறைத் தாளின்மீதே வண்ணம் தீட்டித் திருத்தினார். அப்படங்களில் காணும் ஆளரவமற்ற அமைதியை ஊரின் இயல்பெனக் கொள்ளலாகாது. அதன் பெரும்பகுதி தாளின் மந்தத்தால் விளைந்ததாகும்.

அசையாத கல்லுக்கோ அம்மந்தம் துணைநின்றது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக்கி, ஏறத்தாழ 19 அடி நீளத் தொடராக அவர் இணைத்தார். எனினும், 1859இல் பொறுப்பேற்ற ஆளுநர் டிரெவெல்யன், இப்பணியை ஆடம்பரம் எனக் கருதி நிறுத்தச் செய்தார்.

இவ்விடத்தில் நம் வட்டாரத்துக் கங்கைகொண்ட சோழபுரம் நினைவிற்கு வருகின்றது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, இக்கோயிலின் மதிற்கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. ஊர் மக்கள் தடுத்தும் பயனில்லை. ஒளிப்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது 1839இல், மூன்றாண்டு பிந்திவிட்டது. அக்கற்களில் எழுத்திருந்ததா, இருந்தால் என்ன எழுத்து என்று காட்ட ஒரு படமும் இல்லை. இராசேந்திரன் அளித்த கொடைகளையும் அவன் மகன் வீரராசேந்திரனின் கல்வெட்டு வாயிலாக அறிகின்றோம்.

அணையால் வயல்கள் விளைந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பெயர்க்குமுன் படியெடுத்து வைத்திருப்பின் விளைச்சல் ஒரு மணியும் குறைந்திராது.

இன்றும் அரியலூரில் சிமென்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகின்றது. பழங்கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் அக்கல்லோடு கலந்து கிடக்கின்றன. இம்முறை கருவி நம் கையில் உள்ளது. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் கவிஞர்கள், விடியலின் அழகைப் பாடுவதோடு, வெட்டப்படும் கல்லின்மீது அவ்விடியல் விழும்போதே அதனைப் பதிவும் செய்தல் வேண்டும்.