ஒரு பாய்மரமும் கண்டிச் சிறையும்

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலிற் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், மாற்று மரம் பொருத்துவதற்காகக் கொட்டியாற்றுக் குடாவை அடைந்தது. மாலுமிகளுக்கு அது தச்சுவேலை. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுக்கோ அரசியல். 1658இற் போர்த்துக்கேயர் வெளியேற, கரையோரத்திற் பெரும்பகுதி ஒல்லாந்தர் வசமாயிருந்தது. அந்நிலையில், திருமுகமோ காணிக்கையோ அனுப்பாது கரையிறங்கிய அந்நியரை மன்னன் ஐயுற்றதில் வியப்பில்லை. 1660இற் கப்பற்றலைவரும் அவர் மகன் இறொபேட் நொக்சும் உட்படப் பதினாறு பேர் சிறைப்பட்டனர். கப்பலோ தப்பிச் சென்றது. தந்தை மறுவாண்டே இறந்தார். இச்சிறைக்குச் சுவரில்லை, ஊர்களிலே பிரித்து வைக்கப்பட்டனர், அவ்வளவே. பேராதனைக்கு அண்மையிலுள்ள எலதெத்தவில் வீடமைத்த நொக்சு, தொப்பி பின்னி விற்றும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் வாழ்ந்தார். சிலர் சிங்களப் பெண்களை மணந்து இங்கேயே தங்கினர். அவர் மட்டும் தோழரொருவருடன் 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச் சென்றார்.