வழிபாட்டில் எவர் மொழி?

அப்பமும் திராட்சை இரசமும் பகிர்ந்து இயேசுவின் இறுதி உணவை நினைவுகூர்தல், தொன்றுதொட்டுக் கிறித்தவ வழிபாட்டின் உயிர்நாடி. கூடியிருப்போர் ஒருமித்து மறுமொழி கூறுதல் அதன் இயல்பு. ஆயினும் மேலைத் திருச்சபையிலே பன்னூறு ஆண்டுகள் இலத்தீனே கோலோச்சிற்று. குரு ஓதினார், குடியானவன் கேட்டான், பொருள் மட்டும் அவனை எட்டவில்லை!

1526-இல் மார்ட்டின் லூதர் செர்மன் மொழியில் வழிபாட்டு முறை வகுத்தார். 1549-இல் இங்கிலாந்திலே கிரான்மர் தொகுத்த ஆங்கில வழிபாட்டு நூலைச் சட்டம் கட்டாயமாக்கிற்று. மக்கள் மொழி அரியணை ஏறியது என மகிழ்கிறோம். ஆனால், எந்த மக்களின் மொழி?

கார்ன்வாலில் பலர் பேசியது கார்னிய மொழி. எம்முள் சிலர் ஆங்கிலம் அறியார் என முறையிட்டு, அவர்கள் பழைய இலத்தீன் பூசையையே கேட்டுக் கிளர்ந்தெழுந்தனர். இலத்தீன் மட்டும் விளங்குமோ என்றார் கிரான்மர். கூரிய வினாதான்! எனினும், கார்னிய மொழியிலேயே நூல் தருவோம் என்ற விடை பிறக்கவில்லை. படை பாய்ந்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

வேல்சு மக்கள் 1567-இல் தம் மொழியிலே வழிபாட்டு நூல் பெற்றனர். அம்மொழி இன்றும் வாழ்கிறது. கார்னியமோ 18-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் வீட்டு வழக்கிழந்தது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கத்தோலிக்க வழிபாட்டிலும் தாய்மொழிக்குக் கதவு திறந்தது.

வழிபடுவோன் நாவில் வாழும் மொழியே வழிபாட்டு மொழி. மேலிருந்து பிறமொழியைத் திணித்தால், அருள்நூலும் அரசாணை ஆகிவிடுமன்றோ!