எலும்பும் பார்வையும்

உடல்மீது அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று பேச வரும்போதெல்லாம் நம் தோழர்கள் முகச் சீரமைப்பு அறுவையை உதாரணம் காட்டுவதுண்டு. 'இயல்பான முகம்' என்ற ஒன்றைக் கட்டமைத்து, அதற்குள் அடங்காதவர்களை வெட்டித் திருத்தும் வன்முறை அது என்பார்கள். நானும் அப்படிப் பேசியவன்தான். இந்த அறுவையின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் விஷயம் அவ்வளவு லேசில் முடிவதில்லை.

1901இல் ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு மருத்துவர், பிணங்களின் தலைகளை அடித்து நொறுக்கி முகம் எங்கெங்கே உடைகிறது என்று பார்த்தார். கண்டபடி உடையவில்லை, பெரும்பாலும் மூன்று கோடுகளை ஒட்டியே உடைந்தது. மூன்றாவது கோட்டில் முகமே மண்டையோட்டைவிட்டுக் கழன்றுவிடும். செத்தவர்களின் உடைசலில் கிடைத்த இந்த வரைபடம்தான் பிற்பாடு உயிருள்ள முகத்தில் உளி வைக்க வழிகாட்டியது.

யார் முகத்தில்? 1912இல் க்ரூஸோன் என்பவர் ஒரு தாயிடமும் அவள் மகனிடமும் கண்ட பிறவி நிலையை விவரித்தார். மண்டையோட்டுப் பொருத்துகள் காலத்துக்கு முன்பே இறுகிவிடுகின்றன. முகத்தின் நடுப்பகுதி வளர்வதில்லை. கண்கள் பிதுங்குகின்றன, மூச்சு திணறுகிறது, சிலருக்கு மூளையே நெருக்கப்படுகிறது. இதற்குக் காரணமான மரபணு மாற்றம் 1994இல்தான் தெரிய வந்தது.

முதல் உலகப் போரில் சிதைந்த சிப்பாய்களின் முகங்களைச் சீரமைத்த ஹெரால்ட் கில்லிஸ், 1942இல் இப்படி ஒரு முகத்தை எலும்போடு முன்னே நகர்த்தினார். பலன் நிலைக்கவில்லை. அவர் அதோடு விட்டுவிட்டார். அந்த இடத்திலிருந்து தொடங்கியவர் பால் தெஸியே. பிணங்களில் பழகி, நகர்த்திய எலும்புக்குப் பின்னால் விழும் இடைவெளியில் வேறு எலும்பை வைத்து அடைத்தார். நரம்பியல் அறுவையாளர் ஜெரார் கியோவோடு சேர்ந்து, மண்டையோட்டைத் திறந்து உள்ளிருந்தே முகத்தை அணுகினார். 1967இல் ரோம் மாநாட்டில் இதை முன்வைத்தார். அதே ஆண்டு சக மருத்துவர்களை பாரிஸை அடுத்த ஃபோஷ் மருத்துவமனைக்கு அழைத்து, நோயாளிகளையே நேரில் காட்டினார்.

1976இல் முகப் பிளவுகளுக்கு 0 முதல் 14 வரை எண் போட்டவரும் இவரே. முகம் எண்ணாகிவிட்டது, பார்த்தீர்களா, என்று ஃபூக்கோவைப் படித்தவர்கள் உடனே கேட்போம். கேட்கலாம். ஆனால் மூடாத இமைக்குக் கீழே ஒரு குழந்தையின் கருவிழி காய்ந்துகொண்டிருக்கும்போது, நம்ம கோட்பாடு அந்த இமையை மூடாது.

அதற்காக மருத்துவத்தைக் கும்பிட்டுவிட்டு உட்காரவும் முடியாது. நம் ஊரில் உதடு பிளந்து குழந்தை பிறந்தால், கிரகணத்தன்று வெளியே போனியா, காய் நறுக்கினியா என்று தாயைத்தான் விசாரிக்கிறார்கள். உதட்டைத் தைக்கலாம், அந்த விசாரணையை எந்த உளியும் தொடாது.

ஆக, அறுவை வேண்டுமா வேண்டாமா என்று கட்சி கட்டுவது பயனில்லை. ஒரே பிள்ளைக்கு வளரும் காலம் முழுக்கப் பல அறுவைகள் நடக்கக்கூடும். எது மூச்சுக்காக, பார்வைக்காக, மூளைக்காக? எது, பார்க்கிற நமக்குச் சங்கடமாக இருக்கிறது என்பதற்காக? முதல் வகைக்குக் காத்திருக்கக் கூடாது. இரண்டாவதற்கு அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்தப் பிரிவினையை டாக்டர்கள் மட்டுமே செய்துகொண்டிருக்கும்வரை, நம் விமர்சனம் வெறும் பேச்சுதான்.