கோணலாய்க் கிடந்த சந்து

“அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழித்தவர் யார்?” என்று வகுப்பறையில் நாம் கேட்டால், கேள்வி முடியுமுன் கைகள் உயர்கின்றன. “ஆபிரகாம் லிங்கன்!” என்ற விடை நாற்பது குரல்களில் ஒருசேர எழுகிறது. விடை தவறன்று, மதிப்பெண்ணும் தருகிறோம். ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் அவ்விடையைக் கேட்கும்போது உள்ளத்தில் ஓர் உறுத்தல். நாற்பது இலட்சம் மக்கள் கைகட்டி நின்றனராம், ஒரு பெருமகன் பேனாவை எடுத்தாராம், கையொப்பமிட்டாராம், விலங்கு நொறுங்கிற்றாம்! இதுவா வரலாறு? விலங்கு பூண்டவன் வாளாவிருந்தானா? விலங்கை உதறியவன் அதன்பின் எங்கே போனான், எந்த மண்ணில் குடிசை போட்டான், எந்தப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பினான்? பாடநூல் பேசாது. தேர்வுத்தாளிலும் வராது.

இக்கேள்விகளுக்கு விடை வைத்திருக்கும் ஓரிடம் உண்டு. நியூயார்க் மாநகரின் புரூக்ளின் பகுதியில், பெர்கன் தெருவில், தெருவோடு ஒட்டாமல் சற்றே கோணலாக நிற்கும் சில பழைய மரவீடுகள் அவை. நாம் கடல் கடந்து சென்று கண்டவரல்லோம், படித்தறிந்ததையே எழுதுகிறோம். ஆனால் படித்த நாள்தொட்டு அவ்வீடுகள் நம் நினைவைவிட்டு அகலவில்லை. மாட மாளிகை அல்ல, கூட கோபுரம் அல்ல. கூலித் தொழிலாளியும் வண்ணாத்தியும் ஆசிரியையும் குடியிருந்த வீடுகள். அவற்றைத் தேடிக் கண்டதும், இடிக்க விடாமல் காத்ததும், இன்று அருங்காட்சியகமாக நடத்துவதும் அந்த வட்டாரத்து மக்கள் கூடி அமைத்த ஒரு வரலாற்றுக் கழகம்.

கதையை முதலிலிருந்து சொல்லவேண்டும்.

நியூயார்க் மாநிலம் அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்கும் சட்டத்தை 1799-இல் இயற்றியது. படி ஏறி முடிய இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. 1827 சூலை 4-ஆம் நாள்தான் அங்கு முழு விடுதலை. விடுதலை கொடுத்த கை, வாக்குச் சீட்டைக் கொடுத்ததா? அதுதான் இல்லை. 1821-இல் எழுதப்பட்ட மாநில அரசியலமைப்பு வெள்ளை ஆண்களுக்கு இருந்த சொத்துத் தகுதியைத் தளர்த்தியது. கறுப்பு ஆண்களுக்கோ, 250 டாலர் பெறுமான நிலம் உடையவனே வாக்காளன் என்று வரம்பு கட்டியது. ஏழை வெள்ளையனுக்குத் திறந்த கதவு ஏழைக் கறுப்பனுக்கு அடைபட்டது. நிறத்தைக் காட்டி நீக்கினால் நாடு நகைக்குமென்று அஞ்சிப் பணத்தைக் காட்டி நீக்கினர் போலும்! அந்நாளில் 250 டாலர் ஒரு கூலித் தொழிலாளிக்கு எட்டாக்கனி.

எட்டாக்கனியை எட்ட அவர்கள் ஏணி கட்டினர். 1837-இல் அமெரிக்காவைப் பெரும் பணமுடை பீடித்தது; நிலத்தின் விலை வீழ்ந்தது. புரூக்ளினில் தலைமுறை தலைமுறையாக அடிமைகளை வைத்து உழுதுவந்த டச்சுக் குடும்பங்களின் பண்ணைகள் மனைகளாகத் துண்டுபட்டு விற்பனைக்கு வந்தன. ஹென்றி தாம்சன் என்ற கறுப்பர் மனைகள் வாங்கினார். அவரிடமிருந்து 1838-இல் ஜேம்ஸ் வீக்ஸ் என்பவர் வாங்கினார். வீக்ஸ் யார்? நிலக்கிழாரா? வணிகக் கோமானா? கப்பலில் மூட்டை ஏற்றி இறக்கும் துறைமுகத் தொழிலாளி! அவர் பெயராலேயே ஊர் வீக்ஸ்வில் ஆயிற்று.

இங்கே சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டுகிறோம். பிழைக்க வந்தவர் எங்கெங்கோ தங்கி, தங்கிய இடம் தானாக ஊராகும் கதை உலகெங்கும் உண்டு. வீக்ஸ்வில் அப்படி முளைத்ததன்று. நிலம் வாங்கினால் வாக்கு வரும், வாக்கு வந்தால் வலிமை வரும் என்று கணக்கிட்டு, கறுப்பர் கறுப்பருக்கு விற்று, இதழ்களில் விளம்பரம் செய்து, ஆள் சேர்த்து உருவாக்கிய ஊர். அடிமை ஒழிப்பு அறிக்கையில் லிங்கன் கையொப்பமிட்டது 1863 சனவரி முதல் நாள். அதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே துறைமுகத் தொழிலாளி தன் பெயரில் பத்திரம் எழுதி வாங்கிவிட்டார்.

1850களில் ஐந்நூறுக்கு மேற்பட்ட மக்கள் அங்கு வாழ்ந்தனர். தெற்கு மாநிலங்களிலிருந்து தப்பி வந்தோர், கரீபியன் தீவுகளிலிருந்து வந்தோர், ஆப்பிரிக்காவிலேயே பிறந்தோர் என்று பலர். கறுப்பர் பிள்ளைகளுக்கான பள்ளி, முதியோர் இல்லம், அனாதைப் பிள்ளைகள் விடுதி, இடுகாடு, பந்தாட்டக் குழு எல்லாம் எழுந்தன. கோயில்களும் எழுந்தன, அதை நாம் மறைக்கப் போவதில்லை. வெள்ளையர் கோயிலில் மூலையில் உட்காரவைக்கப்பட்டவன், “உன் கோயிலே வேண்டாம்” என்று எழுந்துவந்து தனக்கொன்று கட்டிக்கொண்டான். நமக்குக் கோயிலில் நாட்டமில்லை. ஆனால் மூலையில் உட்கார மறுத்த அந்தச் செருக்கு நமக்குப் பிடித்திருக்கிறது.

1866-இல் அவ்வூரிலிருந்து ‘விடுதலை பெற்றோரின் தீவட்டி’ என்ற பொருள்படும் பெயரோடு ஓர் இதழ் வந்தது. அதில் அரசியல் கட்டுரை மட்டுமன்று, அரிச்சுவடியே அச்சாயிற்று! படிக்கக் கற்றால் கசையடி என்றிருந்த தோட்டங்களிலிருந்து வந்த மக்களுக்கு எழுத்தையும் சொல்லையும் இதழிலேயே அச்சிட்டுத் தந்தனர். இதழ் நடத்துவோரும் வாங்குவோரும் எண்ணி மகிழத்தக்க செய்தி இது. பூனாவில் சோதிராவ் பூலே 1873-இல் தம் ‘குலாம்கிரி’ நூலை, கறுப்பரின் அடிமைத்தளையை நீக்கப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்தக் காணிக்கையில் தீவட்டி இதழுக்கு அச்சுக் கோத்த கைகளுக்கும் பங்குண்டு என்றே நாம் கொள்கிறோம்.

அவ்வூரில் மனை வாங்கிய முன்னோடிகளுள் ஒருவர் சில்வானஸ் ஸ்மித். பன்றி வளர்த்து விற்றவர். அவருடைய மகள் சூசன், 1870-இல் மருத்துவக் கல்லூரியில் வகுப்பில் முதல்வராகத் தேறினார். நியூயார்க் மாநிலத்தின் முதல் கறுப்பினப் பெண் மருத்துவர் அவரே. மூத்த மகள் சாரா, நியூயார்க் பொதுப்பள்ளியில் தலைமையாசிரியையான முதல் கறுப்பினப் பெண்மணி. அவர் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு மன்றம் அமைத்தார். நிலம் வாங்கி வாக்குப் பெற்ற தந்தையின் வீட்டிலும் மகளுக்கு வாக்கில்லை. இந்த ஓட்டையைத் தொண்டை வற்றப் பேசியவர் அந்த மகளே. 1911-இல் அவர் மறைந்தார். அம்மாநிலத்தில் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1917-இல்.

1863-க்கு மீண்டும் வருவோம். உள்நாட்டுப் போருக்கு ஆள்பிடிக்கும் சட்டம் வந்தது. 300 டாலர் கட்டினால் போர்முனைக்குப் போகவேண்டியதில்லை. பணக்காரன் பணம் கட்டினான். ஏழை வெள்ளையன் வெகுண்டான். வெகுண்டவன் பணக்காரனையா அடித்தான்? கறுப்பனைத் தேடினான்! சூலை 13 முதல் நான்கு நாட்கள் மன்ஹாட்டன் தெருக்களில் கறுப்பர் வேட்டையாடப்பட்டனர். மரத்திலும் விளக்குக் கம்பத்திலும் தொங்கவிடப்பட்டனர். ஐந்தாவது அவென்யூவில் இருந்த கறுப்பு அனாதைப் பிள்ளைகளின் விடுதிக்குத் தீ வைத்தனர். பிள்ளைகள் பின்வாயில் வழியே தப்பினர். ஓடியவர் பலர் ஆற்றைக் கடந்து வீக்ஸ்வில் வந்து சேர்ந்தனர். அவ்வூர் ஆடவர் துப்பாக்கி ஏந்தி இரவும் பகலும் எல்லைக் காவல் நின்றனர்.

அதே ஆண்டில், அதே புரூக்ளினில், வேறொன்றும் நடந்தது. ஊரின் பெருமக்கள் கூடி லாங் ஐலண்ட் வரலாற்றுக் கழகத்தைத் தோற்றுவித்தனர். 1881-இல் அதற்கு எழிலார்ந்த செங்கல் மாளிகை எழுந்தது. முகப்பில் சுடுமண் சிற்பங்கள், உள்ளே செதுக்கு மரத்தூண்கள், ஆயிரமாயிரம் நூல்கள். அருமையான நூலகம்; அதன் பயனை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால், அந்த மாளிகையிலிருந்து சில மைல் தொலைவில் இருந்த வீக்ஸ்வில், நகரம் வளர வளரக் கரைந்தபோது என்ன ஆயிற்று? பழைய பாதைகளை அழித்துச் சதுரங்கக் கட்டம்போல் புதிய தெருக்கள் வகுத்தனர். 1883-இல் புரூக்ளின் பாலம் திறந்தது; குடியேறுவோர் பெருகினர். ஊர் தெருவாயிற்று, தெரு எண்ணாயிற்று, பெயரும் மக்கள் நாவிலிருந்து நழுவிற்று. சில முதியவர் நினைவில் மட்டும் அது எஞ்சியது.

1968-இல் ஜேம்ஸ் ஹர்லி என்ற வரலாற்று ஆசிரியர், புரூக்ளினில் வட்டார வரலாறு பற்றிய வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். பழைய நூல்களில் வீக்ஸ்வில் என்ற பெயரைக் கண்டார்; மண்ணில் தேடினார், அகப்படவில்லை. ஜோசப் ஹெய்ன்ஸ் என்ற பொறியாளர் விமானம் ஓட்டத் தெரிந்தவர். இருவரும் சிறு விமானத்தில் ஏறி வட்டமிட்டனர். கீழே எல்லாத் தெருக்களும் நேர்க்கோடு. ஓரிடத்தில் மட்டும் ஒரு சந்து கோணலாய்க் கிடந்தது! சந்தையொட்டிச் சில மரவீடுகள். புதுத்தெரு வகுத்தோரின் கோலுக்குத் தப்பிய ஹண்டர்பிளை சாலையின் மிச்சம் அது. நடந்து தேடியவர் கண்ணுக்கு வெறும் பழைய கொட்டகை. வானிலிருந்து நோக்கியவர் கண்ணுக்கு ஓர் ஊர்.

அடுத்து நடந்ததே நம்மை மிகவும் கவர்கிறது. பேராசிரியர் கண்டார், நூல் எழுதினார், பட்டம் பெற்றார் என்று அது முடியவில்லை. அருகே ஒரு பகுதியில் பழைய வீடுகளை இடித்துப் புதுக் குடியிருப்புக் கட்டவிருந்தனர். இடிக்கும் பொறி வருமுன், அவ்வட்டாரத்து இளைஞரும் பள்ளிப் பிள்ளைகளும் முதியோரும் மண்ணைக் கிளறினர். உடைந்த புட்டிகளையும் ஓடுகளையும் பொறுக்கினர். பக்கத்துப் பள்ளியின் பிள்ளைகள் சில்லறைக் காசு திரட்டினர். 1970-இல் நகரின் சின்னங்கள் பாதுகாப்பு ஆணையத்தின் முன் அப்பிள்ளைகளே சென்று, இவ்வீடுகளை இடிக்காதீர் என்று பேசினர். அவ்வாண்டே வீடுகள் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாயின. பின்னர் அப்பள்ளிக்கே வீக்ஸ்வில் என்ற பெயர் சூட்டப்பட்டது. ஆணையத்தின் முன் நின்ற அந்தப் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் போடுவது என்று ஆசிரியத் தொழில் செய்யும் நாம் எண்ணிப் பார்த்ததுண்டு.

வீக்ஸ்வில் வரலாற்றைப் பாதுகாக்கும் கழகம் அமைந்தது. புரூக்ளினிலேயே பிறந்த ஓவியர் ஜோன் மேனார்ட் அம்மையார் 1974 முதல் கால் நூற்றாண்டு அதை இயக்கினார். வீடுகளைக் கழகம் விலைக்கு வாங்கிற்று. வாங்கினால் போதுமா? கூரை ஒழுகும், கரையான் அரிக்கும், கயவர் புகுவர், தீப்பிடிக்கும், எல்லாம் நடந்தன. பழுதுபார்த்து முடித்து 2005-இல் திறந்தனர். அம்மையார் அதைக் கண்டு 2006-இல் மறைந்தார். 2014-இல் பக்கத்திலேயே புதிய கட்டடம் திறந்தது. கண்காட்சிக் கூடம், அரங்கு, ஆவணக் காப்பகம் அதில் உள்ளன.

உள்ளே என்ன காட்டுகின்றனர்? வாளா, முடியா, இரத்தினம் இழைத்த அரியணையா? கரியடுப்பு, சலவைத் தொட்டி, தையல் பொறி, பிள்ளையின் கட்டில்! பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று ஒரு வீடு காட்டுகிறது. 1930களில் எப்படி வாழ்ந்தது என்று இன்னொன்று காட்டுகிறது. பின்னதை, அவ்வீட்டிலேயே வாழ்ந்த குடும்பத்தாரின் நினைவைக் கேட்டறிந்து அமைத்தனர். நாற்காலி எங்கே கிடந்தது என்று சொல்ல ஆள் இருந்தது. கல்வெட்டில் மன்னனின் மெய்க்கீர்த்தியைப் படிக்கப் பழகிய நமக்கு, ஒரு சலவைத் தொட்டியின் மெய்க்கீர்த்தியைப் படிக்கத் தனிக் கண் வேண்டும்.

பூட்டி வைத்துக் காட்டும் கூடமாகவும் அது இல்லை. கோடையில் புல்வெளியில் இசை நிகழ்ச்சி நடக்கிறது. உழவர் சந்தை கூடியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வருகின்றனர். வட்டாரத்து முதியோரை உட்காரவைத்து அவர்கள் வாய்மொழியைப் பதிவு செய்கின்றனர். 1865 சூன் 19-ஆம் நாள் டெக்சாசில் அடிமைகளுக்கு விடுதலைச் செய்தி எட்டியதே, அந்நாளை அங்கு உணவு விழாவாகக் கொண்டாடுகின்றனர். விழாவென்றால் தேரும் தீபமுமே நம் நினைவுக்கு வரும். சாமி இல்லாமல், சாத்திரம் இல்லாமல், தங்கள் பாட்டனின் வீட்டு முற்றத்தில் கூடிச் சோறு உண்பதும் விழாதான்.

இத்தனையும் இருந்தும், 2019-இல் கழகத்தின் கையில் காசில்லை, கதவடைக்கும் நிலை. இரண்டு இலட்சம் டாலர் வேண்டுமென்று இணையத்தில் பொதுமக்களிடம் கையேந்தினர். ஆயிரக்கணக்கானோர் சிறுசிறு தொகை அனுப்பினர். கேட்டதற்கு மேலும் சேர்ந்தது. அவ்வாண்டே மாநகராட்சி, தான் ஆண்டுதோறும் பொருளுதவி தரும் பண்பாட்டு நிறுவனங்களின் பட்டியலில் வீக்ஸ்வில்லையும் சேர்த்துக்கொண்டது. மக்கள் முதலில் கொடுத்தனர். அரசு பிறகு வந்தது.

அன்று இடிபாட்டில் கிளறியபோது, இரும்புத் தகட்டில் பதித்த ஒரு பழைய ஒளிப்படம் கிடைத்தது. ஒரு கறுப்பினப் பெண்மணியின் உருவம்; நன்கு உடுத்து, நேர்கொண்ட பார்வையோடு இருக்கிறார். யாருடைய தாய், யாருக்கு மனைவி, என்ன தொழில் செய்தார்? ஒரு குறிப்பும் இல்லை. வீக்ஸ்வில் அம்மை என்றே அவரை அழைக்கின்றனர். அடுத்த முறை வகுப்பில் அடிமை ஒழிப்புப் பாடம் வரும்போது, லிங்கனின் படத்துக்குப் பக்கத்தில் அந்த அம்மையின் படத்தையும் ஒட்டிவைக்க இருக்கிறோம். “இது யார், ஐயா?” என்று எவனாவது ஒருவன் கேட்பான்.