நாலு விதையில் பிழைத்த ஒன்று

தென்னாப்பிரிக்காவில் ஒயின் பழைய சரக்கு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் யான் வான் ரீபெக் கேப் முனையில் வைத்த கொடிகளிலிருந்து 1659-லேயே முதல் ஒயினைப் பிழிந்துவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே பேர் சொல்லும்படி விளைந்ததெல்லாம் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த ரகங்கள்தாம். அந்த மண்ணிலேயே பிறந்து உலகச் சந்தைவரை போன கறுப்புத் திராட்சை ஒன்று உண்டு. பெயர் பினோடாஜ். அது பிறந்ததைவிடப் பிழைத்த விதம்தான் சுவாரசியம்.

பெற்றவர் ஆபிரகாம் ஐசக் பெரோல்ட். வேதியியலில் ஜெர்மனியில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் திராட்சை வளர்ப்புத் துறையின் முதல் பேராசிரியர். அரசாங்கச் செலவில் ஐரோப்பா முழுக்க அலைந்து நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்களைக் கேப்புக்குக் கொண்டுவந்தவர். 1925-ல் அவர் இரண்டு பிரெஞ்சு ரகங்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். ஒன்று பினோ நுவார், பர்கண்டியின் செல்லப்பிள்ளை. நல்ல ஆண்டில் அதன் ஒயினுக்கு ஈடு கிடையாது. ஆனால் தோல் மெல்லிசு, கொத்து நெருக்கம், ஈரம் பட்டால் அழுகும், வெயில் கூடினால் சோர்ந்துபோகும். மற்றது தெற்கு பிரான்ஸின் சான்ஸோ. வெயிலுக்கும் வறட்சிக்கும் அஞ்சாது, காய்ப்பும் அதிகம், குணத்தில் சாதாரணம். தென்னாப்பிரிக்காவில் அப்போது அதை எர்மிடாஜ் என்று அழைத்தார்கள்.

திராட்சையில் கலப்புச் செய்வது பொறுமையான வேலை. பூ கடுகளவுதான் இருக்கும். ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே பூவில். அது தானாக விரிவதற்கு முன்பே சின்ன இடுக்கியால் தொப்பி போன்ற இதழ்மூடியைக் கழற்றி, மகரந்தப்பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் பூ தன்னைத்தானே சூல்கொள்ளச் செய்துவிடும். பிறகு மற்ற ரகத்தின் மகரந்தத்தைத் தடவி, வண்டும் காற்றும் புகாமல் கொத்தைப் பையால் மூடிக் கட்ட வேண்டும். பழம் பழுத்து விதை எடுத்தாலும் வேலை முடியாது. விதையிலிருந்து வரும் கன்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். அப்பனையோ அம்மாவையோ அச்சாக உரித்து வைப்பதில்லை. அதனால் இந்த வேலையில் இறங்குகிறவர்கள் நூற்றுக்கணக்கில் விதை போட்டு, வருஷக்கணக்கில் காத்திருந்து கழிப்பார்கள். பெரோல்டுக்கு மிஞ்சியது நாலே விதை.

அந்த நாலையும் வெல்கெஃபாலன் சோதனைப் பண்ணையில் தனக்குக் கொடுத்திருந்த வீட்டின் தோட்டத்தில் ஊன்றினார். பரிசோதனை வயல் பக்கத்திலேயே இருக்க, வீட்டுத் தோட்டத்தில் ஏன் வைத்தார் என்று தெரியவில்லை. பினோ நுவாரின் ருசியும் சான்ஸோவின் உழைப்பும் ஒரே கொடியில் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பார் என்பதும் ஊகம்தான். அவர் காரணம் எழுதி வைக்கவில்லை. 1927-ல் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு கே.டபிள்யூ.வி. என்ற பெரிய ஒயின் கூட்டுறவு நிறுவனத்தில் வேலைக்குப் போனார். வீட்டைக் காலி செய்தவர் கன்றுகளை எடுத்துப் போகவில்லை.

தோட்டம் புதர் மண்டிப்போயிற்று. சுத்தம் செய்யப் பல்கலைக்கழகம் ஆள் அனுப்பியது. அந்த நேரம் பார்த்து சைக்கிளில் அந்தப் பக்கமாக வந்தார் சார்லி நீஹாஸ் என்ற இளம் விரிவுரையாளர். அங்கே பெரோல்டின் கன்றுகள் இருப்பது அவருக்குத் தெரியும். களையோடு களையாகப் போக இருந்த நாலையும் காப்பாற்றி எடுத்தார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் இவர்தான். அவர் பத்து நிமிஷம் பிந்தி வந்திருந்தால் பெரோல்டின் 1925 வேலை ஒரு குப்பைக் குவியலோடு முடிந்திருக்கும்.

கன்றுகள் எல்சன்பர்க் வேளாண் கல்லூரிக்குப் போயின. பெரோல்டுக்கு அடுத்து வந்த பேராசிரியர் சி.ஜே. தெரோன் 1935-ல் அவற்றை ஒட்டுக்கட்டினார். திராட்சையின் வேரைத் தின்று கொடியையே சாய்க்கும் ஃபிலாக்சரா பூச்சி 1880-களில் கேப்பில் நுழைந்ததிலிருந்து, அமெரிக்க வகை வேர்மேல் ஒட்டாத கொடிக்கு அங்கே வாழ்வில்லை. பழைய சகாக்களைப் பார்க்க வந்த பெரோல்டிடம் தெரோன் தன் ஒட்டுக்கொடிகளைக் காட்டினார். இருவரும் பார்த்து, நாலில் நன்றாக வளர்ந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பெற்றோரிடமிருந்து முன்பாதியும் மற்றதிடமிருந்து பின்பாதியும் எடுத்துப் பெயர் வைத்தாயிற்று. இன்று உலகில் எங்கே பினோடாஜ் இருந்தாலும் அந்த ஒற்றைக் கன்றின் குச்சிவழி வந்ததுதான்.

பிள்ளை யாரையும் கொண்டு பிறக்கவில்லை. பெற்ற இரண்டும் வெளிர்ந்த ஒயின் தருபவை. இதுவோ மைபோலக் கறுத்த ஒயின் தந்தது. தடித்த தோல், சின்னப் பழம், சீக்கிரம் பழுத்து நிறையச் சர்க்கரை ஏறும். முதல் ஒயினை 1941-ல் எல்சன்பர்க்கில் சி.டி. டி வால் தயாரித்தார். அதே ஆண்டு கடைசியில் பெரோல்ட் காலமானார். 1959-ல் கேப் ஒயின் கண்காட்சியில் பெல்வியூ பண்ணையின் பினோடாஜ் முதல் பரிசை அடித்தது. அந்த ஒயின்தான் 1961-ல் லான்சராக் என்ற பெயரில், புட்டியில் ‘பினோடாஜ்’ என்று அச்சிட்டு விற்பனைக்கு வந்த முதல் சரக்கு. உடனே ஆளாளுக்கு நட்டார்கள்.

நட்டவர்களில் பலர் அதைக் காய்ப்புக்காக நட்டார்கள். ஆபத்து அங்கேதான் இருந்தது. பினோடாஜ் சாறு வேகமாகப் பொங்கும். நொதிக்கும்போது கண் அசந்தால் ஐசோஅமைல் அசிடேட் கூடிவிடும். வாழைப்பழ எசன்ஸின் மணம் தருவது அந்தப் பொருள்தான். அளவு மீறினால் பெயின்ட் வாடை. 1976-ல் வந்த பிரிட்டிஷ் ஒயின் நிபுணர் குழு, துருப்பிடித்த ஆணியை நக்குவதுபோல் இருக்கிறது என்ற ரீதியில் திட்டிவிட்டுப் போனது. அந்தப் பேச்சு ரகத்தின் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. பல விவசாயிகள் கொடிகளைப் பிடுங்கிவிட்டு காபர்னே சொவிஞோன் வைத்தார்கள்.

பிடுங்காதவர்களில் ஒருவர் பெயர்ஸ் ட்ரூட்டர். அப்போது கனோன்காப் பண்ணையின் ஒயின் தயாரிப்பாளராக இருந்தவர். பந்தலோ கம்பியோ இல்லாமல் குட்டைப் புதராக நிற்கும் பழைய கொடிகளின் பழத்தை, திறந்த சிமெண்ட் தொட்டிகளில் இட்டு நொதிக்க வைப்பது அங்கே வழக்கம். பொங்கும்போது தோலெல்லாம் மேலே வந்து தடித்த ஆடையாக மூடிக்கொள்ளும். இரவு பகல் பாராமல் ஆட்கள் தொட்டியின் மேல் நின்று, கட்டையால் அந்த ஆடையைச் சாறுக்குள் அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். சாறு தோலோடு கிடப்பது சில நாள்தான். பிறகு பிழிந்து ஓக் பீப்பாயில் வைத்துவிடுவார்கள். 1991-ல் லண்டன் சர்வதேசப் போட்டியில் அந்த ஆண்டின் சிறந்த ஒயின் தயாரிப்பாளர் விருது ட்ரூட்டருக்குக் கிடைத்தது. தென்னாப்பிரிக்கர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. 1995-ல் பினோடாஜ் விவசாயிகள் சங்கம் வைத்துக்கொண்டார்கள்.

வம்பு அதோடு ஓயவில்லை. 2001-ல் டீமர்ஸ்ஃபோன்டைன் பண்ணை, நன்றாக வறுத்த ஓக் மரத்தோடு சேர்த்துக் காப்பியும் சாக்லேட்டும் மணக்கும் பினோடாஜ் ஒன்றை இறக்கியது. ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். வல்லுநர்கள் முகம் சுளித்தார்கள். இந்தச் சண்டையில் நான் வல்லுநர்கள் பக்கம். காப்பி வேண்டுமானால் காப்பி குடிக்கலாமே.

குடிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மலிவான ஒரு புட்டியை வைத்து இந்த ரகத்துக்குத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். பெயின்ட் வாடை வந்தால் அது தயாரித்தவரின் குற்றம். பழைய புதர்க்கொடி ஒயினாகக் கேட்டு வாங்குங்கள், சுட்ட ஆட்டிறைச்சியோடு அது நன்றாக ஒத்துப்போகும்.